முதல் ஏர் பிஸ்டல்: கைக்குப் பொருந்துவதைப் பார்த்து வாங்குவது எப்படி

துப்பாக்கி சுடுதல் பழக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி பிஸ்டல் நல்லது?" என்பதுதான். செருப்புக் கடையில் நுழைந்து கம்பெனி பேரைச் சொல்லிவிட்டு, அளவைச் சொல்லாமல் நிற்கிற மாதிரி இது. பத்து மீட்டர் தூரத்துக்கு நல்ல கம்பெனிகள் செய்கிற எல்லாப் பிஸ்டலும் பழகுகிறவரின் கையைவிடத் துல்லியமானவை. புள்ளி குறைவது இரும்பால் இல்லை. பிடி கைக்குச் சேராததாலும் ட்ரிக்கர் இழுக்கத் தெரியாததாலும்தான்.

இங்கே பேசப்போவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டி. முதல் பிஸ்டலாக இதைச் சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது புள்ளி 177 அங்குலத்துக்கு, மேற்படாத குழல் துவாரமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டிப் பிஸ்டல் இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும். 0.45 கிராம் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் கணக்குப்படி சுமார் 5 ஜூல்தான். புள்ளி 22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் கட்டாயம். 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆக, சினிமாவில் பார்த்த பிஸ்டலை மனதில் வைத்துக்கொண்டு கடை ஏறாதீர்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு மாதம்

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் விசாரித்து, மாநிலச் சங்கத்தில் பதிவு பெற்ற கிளப் பக்கத்தில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கிளப் பிஸ்டலில் இரண்டு மாதமாவது சுட்ட பிறகு சொந்தப் பிஸ்டலைப் பற்றி யோசிக்கலாம். முடிந்தால் இரண்டு மூன்று விதமான பிஸ்டலைப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் மணிக்கட்டு வலிக்கும், இன்னொன்றில் வலிக்காது. அந்த வித்தியாசத்தை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் வீட்டில் செய்ய ஒரு வேலை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதைச் சுடுகிற கையில் பிடித்து, கையை நேராக நீட்டித் தோள் உயரத்தில் பதினைந்து வினாடி நிறுத்துங்கள். இறக்கி அரை நிமிடம் ஓய்வு. இப்படிப் பத்துத் தடவை. போட்டிப் பிஸ்டல் பெரும்பாலும் 900 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். விதிப்படி 1500 கிராம் வரை போகலாம். ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும், மற்றக் கை தொடவே கூடாது. பத்தாவது தடவை பாட்டில் நடுங்கினால் கனமான பிஸ்டல் உங்களுக்கு இப்போது வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகளுக்குக் குழலும் காற்றடைக்கிற சிலிண்டரும் குட்டையான காம்பாக்ட் வகை உண்டு, அதைக் கேளுங்கள். "வளர்ற பிள்ளைதானே" என்று சட்டை எடுக்கிற மாதிரி பெரிதாக வாங்கினால் தோள்தான் பழுதாகும்.

நாலு வகை, அதில் இரண்டு வேண்டாம்

கடையில் மலிவாகக் கிடைப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற பிஸ்டல். சுடும்போது உள்ளே பிஸ்டன் முன்னால் ஓடி முட்டும். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள் பிஸ்டல் குதித்துவிடும். ட்ரிக்கரும் கனம். இதில் பழகினால் கை தப்பையே பழகும். மொட்டை மாடியில் டப்பா சுடுவதற்கு ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது 12 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு குப்பி போடுகிற வகை. பார்க்க அசல் பிஸ்டல் மாதிரி இருக்கும், ஆசை வரும். ஆனால் இந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார். நம்மூர்க் கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்குச் சுட்ட இடமும் மத்தியானம் சுட்ட இடமும் ஒன்றாக இராது. அசல் போலத் தெரிகிற அந்தப் பொருளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் வருகிற வம்பு தனி. சிலவற்றில் ஈயப் பெல்லட்டுக்குப் பதில் இரும்பு உருண்டை போடுவார்கள். அது இரும்புத் தகட்டில் பட்டால் நேரே உங்கள் முகத்துக்குத் திரும்பும்.

மூன்றாவது, ஒரே தடவை நெம்புகோலை அடித்துக் காற்றை அடைக்கிற வகை. ரஷ்யாவின் பைக்கால் 46 எம் இதில் பெயர் பெற்றது. சிலிண்டர் கிடையாது, பம்பு கிடையாது, குதிப்பும் மிகக் குறைவு. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவு காற்று. குறை என்னவென்றால், போட்டியின் அறுபது சூட்டுக்கும் அறுபது தடவை நெம்ப வேண்டும். நாற்பதுக்கு மேல் தோளில் தெரியும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஊருக்குள் இருந்துகொண்டு காற்று நிரப்ப வழி இல்லாதவருக்கு இதுவே சரி. நெம்பிக் காற்றை அடைத்த பிறகு சுடாமல் நெடுநேரம் வைக்கக் கூடாது. வாஷர் கெடும்.

நாலாவதுதான் இன்றைக்குப் போட்டிகளில் எல்லார் கையிலும் இருப்பது: குழலுக்கு அடியில் 200 பார் காற்றடைத்த சிலிண்டர். ஸ்டேயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எல்லாம் இந்த வகையில் செய்கிறார்கள். ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். ஒரு தடவை நிரப்பினால் நூறு சூட்டுக்கு மேல் தாராளமாக வரும். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் வைத்த மாடலும் உண்டு, இழுப்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். முதல் பிஸ்டலுக்கு அது தேவையில்லை. மெக்கானிக்கல் ட்ரிக்கர் என்றால் பாட்டரி தீருமோ என்ற கவலை கிடையாது, கோளாறு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

கடைக்காரர் "அண்ணாச்சி, இது வேகம் ஜாஸ்தி" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். வேகம் பத்து மீட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. அட்டையில் சுத்தமாக வட்ட ஓட்டை போட 140, 150 மீட்டர் வேகமே போதும்.

பிடி

காசு கொடுப்பது இதற்குத்தான். போட்டிப் பிஸ்டலின் பிடி வால்நட் மரத்தில் கையின் வடிவத்துக்குக் கடைந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு உண்டு. வலக்கை, இடக்கை தனித்தனி. இடக்கைக்காரர் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பிடித்துப் பார்க்கிற முறை இது. பிஸ்டல் காலி என்று முதலில் குழலைத் திறந்து பாருங்கள், விற்கிறவர் சொன்னாலும் பாருங்கள். இடக்கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, வலக்கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவடு பிடியின் உச்சியில் போய் அழுந்துகிற மாதிரி கையை உள்ளே தள்ளுங்கள். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். கீழே உள்ளங்கை தாங்கியை ஏற்றி, கையின் அடிப்பகுதி அதில் உட்காரும்படி ஸ்க்ரூவை இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் விரல் மரத்துப் போகும், தளர விட்டால் சூட்டுக்குச் சூடு கை இடம் மாறும். தாங்கி மணிக்கட்டைத் தொடக் கூடாது என்பது போட்டி விதி.

இப்போது ஆள்காட்டி விரல். அதன் பக்கம் மரத்தில் உரசக் கூடாது. ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்கட்டும். விரலின் முதல் கணுவின் சதைப் பகுதி ட்ரிக்கரில் நேராகப் பதிய வேண்டும். எட்டவில்லை என்றால் ட்ரிக்கரைப் பின்னால் நகர்த்த ஸ்க்ரூ இருக்கும். முழுக்க நகர்த்தியும் எட்டவில்லையா, பிடி பெரிது. வேறு அளவு கேளுங்கள்.

கடைசிச் சோதனை கண்ணை மூடிக்கொண்டு. பிஸ்டலைத் தாழ்த்திப் பிடித்து, கண்ணை மூடி, இயல்பாகத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கண்ணைத் திறங்கள். குழல் நுனியில் குறி பார்க்க நிற்கிற முன் சைட், பிஸ்டலின் பின்பக்கம் உள்ள பின் சைட்டின் பள்ளத்துக்குள் நடுவில் நிற்க வேண்டும். பத்துத் தடவை செய்து எட்டுத் தடவை நின்றால் பிடி உங்களுடையது. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிடியின் கோணத்தை ஸ்க்ரூவால் திருத்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மணிக்கட்டை முறுக்கித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அறுபது சூடு அப்படி முறுக்கிக்கொண்டு நிற்க முடியாது.

இந்த ஒதுங்கல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், கணக்கு இதுதான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். டார்கெட் பத்து மீட்டரில். முன் சைட் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கினால் அட்டையில் 30 மில்லிமீட்டர் விலகும். டார்கெட்டின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர். ஆக ஒரு மில்லிமீட்டர் தப்பு உங்களை மூன்று வளையம் வெளியே கொண்டுபோய்விடும். அதே சமயம், இரண்டு சைட்டும் ஒன்றாகச் சேர்ந்து கையோடு ஆடினால் கை ஆடிய அளவுதான் அட்டையிலும் ஆடும். கை நடுங்குவதற்குப் பழகுகிறவர்கள் அத்தனை பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சைட் ஒதுங்குவதற்கு. பார்வை முன் சைட்டில் கூர்மையாக இருந்து கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிடி எண்பது சதம் சேர்ந்து, உள்ளங்கைக் குழிவில் மட்டும் வெற்றிடம் இருந்தால் மரத்தில் ஓட்டை அடைக்கிற பட்டியை (வுட் புட்டி) கொஞ்சம் அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, சுடுகிற நிலையில் பத்து நிமிடம் பிடியுங்கள். ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. உவரி, திருச்செந்தூர்க் கடலோரத்தில் இருப்பவர்கள் பிடி மரம் ஈரத்தில் ஊதுவதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் இறுகிய பிடி பங்குனியில் தளர்ந்திருக்கும்.

ட்ரிக்கர்

விதி: குறைந்தது 500 கிராம். குழலை வானம் பார்க்க நிறுத்தி, ட்ரிக்கரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். விசை விழக் கூடாது. வீட்டில் சரிபார்க்க அரை கிலோ படிக்கல்லை நூலில் கட்டி மாட்டலாம். சிலிண்டரில் காற்றும் பிஸ்டல் ஏற்றிய நிலையும் வேண்டும், பெல்லட் மட்டும் வேண்டாம். சரியாக 500-ல் வைக்காமல் 510, 520-ல் வையுங்கள். போட்டி அன்று பரிசோதனையில் விழுந்தால் அப்புறம் அங்கே நின்று ஸ்க்ரூ திருக வேண்டும்.

நல்ல ட்ரிக்கருக்கு இரண்டு நிலை. முதல் நிலையில் இழுக்க இழுக்க ஒரு சுவரில் போய் நிற்கும். அந்தச் சுவர் தெளிவாக விரலுக்குத் தெரிய வேண்டும். முதல் நிலை 350 முதல் 400 கிராம், மிச்சம் இரண்டாவதில் என்று பிரித்து வைத்தால் பழகுகிறவருக்கு ஏற்றது. சுவருக்குப் பிறகு விரல் இழுபட்டு, கரகரவென்று உரசி விழுந்தால் அந்தப் பிஸ்டலை வைத்துவிடுங்கள். பெல்லட் போடாமல் விசையை மட்டும் தட்டிப் பழகுகிற வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாலில் மூன்று பங்குப் பயிற்சி அதில்தான். அந்த வசதி இல்லாத ஸ்பிரிங் பிஸ்டலை வெறுமனே சுட்டால் பிஸ்டன் உடையும்.

பழைய பிஸ்டல் வாங்குவதானால்

பழையது வாங்குவதில் தப்பில்லை, சொல்லப்போனால் அதுவே புத்திசாலித்தனம். பார்க்க வேண்டியவை: அலுமினிய சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். ஆயுள் பத்து வருஷம். காலம் முடிந்த சிலிண்டரைப் போட்டியில் விடமாட்டார்கள், புதிதின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். சிலிண்டரை நிரப்பி கேஜைப் பார்த்து எழுதி வைத்து, மறுநாள் காலை பாருங்கள். 200 என்பது 180 ஆகியிருந்தால் எங்கோ ஓ-ரிங், அதாவது காற்றை அடைக்கிற ரப்பர் வளையம், விடுகிறது. ஓ-ரிங் மலிவு, ஆனால் எது என்று கண்டுபிடிப்பது வேலை. ஸ்க்ரூத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் திறந்திருக்கிறார்கள். குழலின் வாய் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், சின்னப் பிசிறுகூடப் பெல்லட்டைத் திருப்பிவிடும்.

பிறகு மேஜையில் மணல் பை வைத்து அதன் மேல் கையைத் தாங்கி ஐந்து சூடு. ஐந்தும் ஒரே ஓட்டையாக விழ வேண்டும். ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, அது சைட் வேலை. சிதறினால் முதலில் பெல்லட்டை மாற்றிச் சுடுங்கள். தட்டைத் தலை பெல்லட்டிலேயே 4.49, 4.50 என்று தலை அளவு வித்தியாசம் உண்டு. ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. பில்லை உங்கள் பெயருக்கு எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

காற்று, வெயில், எண்ணெய்

கைப்பம்பில் 200 பார் ஏற்றலாம். நாற்பது, ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் பம்பு வாஷர் கருகும். தென்காசி, குற்றாலப் பக்கம் சாரல் நாளில் காற்றே ஈரம். அதை அழுத்தினால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும். ஈரம் வடிக்கிற வால்வை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பாதீர்கள். வெடிக்கும்.

200 பார் நிரப்பிய பிஸ்டலை வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால், 30 டிகிரி 60 ஆகும்போது அழுத்தம் 220-ஐத் தொடும். தேரிக்காட்டுப் பக்கம் செம்மண் தூசி இன்னொரு தொல்லை, பெட்டி இறுக்கமாக மூட வேண்டும். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் போட்டால் அழுத்தக் காற்றில் எரியும், ரப்பரும் கெடும். சிலிண்டரை முழுக்கக் காலி செய்து வைக்காமல் ஐம்பது, அறுபது பார் விட்டு வையுங்கள்.

வீட்டில் சுட

பழைய வளவு வீடுகளில் பட்டாசல் என்கிற முன்கூடத்திலிருந்து பின்கட்டுவரை பத்து மீட்டர் தேறும். டார்கெட்டின் நடு தரையிலிருந்து 140 சென்டிமீட்டர். பின்னால் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து, முன்னால் பழைய துணி அடைத்த மரப்பெட்டி வையுங்கள், பெல்லட் தெறிக்காது. டார்கெட்டுக்கும் உங்களுக்கும் இடையில் திறக்கிற கதவு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் உள்பக்கம் தாழ்ப்பாள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே காப்பி டம்ளரைத் தொடலாம். சுடாத நேரத்தில் குழலுக்குள், காலி என்று காட்டுகிற ஆரஞ்சு நிறக் கொடி நாடா நுழைந்து இருக்க வேண்டும், பெட்டியில் வைக்கும்போதும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு அறுபது என்றால் மாதம் 720 பெல்லட். ஐந்நூறு கொண்ட டப்பா ஒன்றரை. வாங்கும்போதே ஒரே ரகத்தில் நாலு டப்பா எடுத்துவிடுங்கள். நடுவில் ரகம் மாறினால் விழுகிற இடம் மாறி, தப்பு கையிலா பெல்லட்டிலா என்று குழம்புவீர்கள்.

சைட் சரிசெய்ய: பத்துச் சூடு சுட்டு, கூட்டத்தின் நடுவைப் பாருங்கள், தனியாகப் போன ஒன்றைப் பார்க்காதீர்கள். கூட்டம் வலப்பக்கம் என்றால் பின் சைட் இடப்பக்கம் போக வேண்டும். கீழே என்றால் பின் சைட் ஏற வேண்டும். திருகியில் அம்புக்குறி எப்படி இருந்தாலும் நாலு கிளிக் திருப்பி மறுபடி பத்துச் சுட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். வலக்கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் கூட்டமில்லாமல் சிதறிப் போனால் சைட்டைத் தொடாதீர்கள். அது ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்து, கூடவே கை முழுவதையும் இறுக்குவதால் வருவது. பெல்லட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் விசை தட்டுங்கள். தட்டும்போது முன் சைட் அசையாமல் நிற்க ஆரம்பித்ததும் அட்டையை மறுபடி மாட்டலாம்.